இளநீர் அரிவாள்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். ஊரில் இருந்த அரிவாளை எல்லாம் போலீஸ் வாங்கிப் போய்விட்டது, நம் இளநீர் அரிவாளையும் சேர்த்து. தேரடியில் வண்டி சும்மா நிற்கிறது. பட்டு எடுக்க வருகிறவர்கள் இளநீர் கேட்டுவிட்டுப் போகிறார்கள். தடை போட்ட பிறகு மூன்று மாதமாக வெட்டுக்குத்தே இல்லை என்று இன்ஸ்பெக்டர் பெருமைப்படுகிறார்.

நேற்று, உன் வழக்கில் செத்துப்போன தணிகாசலத்தின் தம்பி வந்தான். முதுகுப்பக்கம் சட்டைக்குள்ளிருந்து அரிவாளை எடுத்து, ஓர் இளநீரைத் தானே சீவி நீட்டினான்.

"குடிக்கா. உனுக்காக கேக்கறேன், மாமா எப்போ வெளிய வராரு?"

குடித்தேன்.

ஊர் அமைதியாக இருப்பது நீ உள்ளே இருப்பதால்தான், மாமா.

ஜாமீன் தாளில் வக்கீல் இரண்டு முறை கையெழுத்து கேட்டார். பேனா எழுதவில்லை என்றேன். அந்தப் பேனாவில்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டில் இருக்கிறவள்