புரட்டாசிக்கு முந்திய ஞாயிறு

உன் வீட்டு ஸ்டோர் அலமாரியின் மேல் தட்டில் நான்கு போத்தல்கள் இன்னும் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு நின்றன. கழுத்துவரை காகிதம். அதன்மேல் கருப்பு மார்க்கரில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நீ போட்ட எண்கள். நீ எழுதும் நான்கு எப்போதும் கவிழ்த்து வைத்த நாற்காலி மாதிரிதான் இருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் பரமேஸ் அவற்றை இறக்கித் தூசு துடைத்து மேசையில் வரிசையாக வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, இதுல அவருக்கு எது புடிக்கும்?" என்று கேட்டாள்.

உன் மனைவி என்னிடம் இதுவரை கேட்டவற்றிலேயே சின்னக் கேள்வி அது. எனக்குப் பதில் தெரியவில்லை.

போன வருடம் துக்கம் என்று வீட்டில் விளக்கை மட்டும் ஏற்றினாள். இந்த வருடம்தான் உனக்கு முதல் தீபாவளிப் படையல். பண்டமாரானில் உள்ள உன் வீட்டு ஹாலில் உன் படம், புது வேட்டி, தலைவாழை இலை. ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி, முறுக்கு, அதிரசம் எல்லாம் தயார். இலையின் வலது பக்கம் ஒரு கிளாஸுக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். நம் பக்கத்தில் அதுதானே வழக்கம். போனவர் எதைக் குடித்தாரோ அதை வைப்போம். ஸ்டவுட் பீர் குடித்தவருக்கு ஸ்டவுட், சுருட்டு பிடித்தவருக்குச் சுருட்டு. யாரும் அதற்குக் கூச்சப்படுவதில்லை.

நாலையும் வைத்துவிட்டால் போச்சு என்றான் நம் கூட்டாளி இளங்கோ. பரமேஸுக்கு அது பிடிக்கவில்லை. "நாலையும் வச்சா, அவரு யாருன்னே தெரியாதவங்க வச்ச மாதிரி இருக்கும்ண்ணே" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லமாட்டோம் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தோம்.

போன வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு நீ எங்கள் இருவரையும் கூப்பிட்டாய். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் பெயிண்ட் கடையை மூடிவிட்டு ரயிலேறினேன். சுபாங் ஜெயாவில் இளங்கோ அதே பெட்டியில் ஏறிக்கொண்டான். கிள்ளான் ஸ்டேஷனில் நீ காரோடு நின்றாய். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றிலிருந்து நம் மூவருக்கும் ஒளிவு மறைவு கிடையாது. அதனால் நீ சுற்றி வளைக்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, "எனக்கு மூக்கு போச்சுடா" என்றாய்.

அதற்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. துறைமுகத்தில் லோரிகளுக்கு வழி சொல்லும் வேலை உனக்கு. நாள் முழுக்க டீசல் புகையில் நின்றும் ஒன்றும் தெரியவில்லை என்றாய். சோறு வாயில் போனால் சூடு தெரிகிறது, உப்பும் காரமும் கொஞ்சம் தெரிகிறது, மற்றபடி பஞ்சை மெல்வது போல இருக்கிறது என்றாய். வெவ்வேறு வாசனைகளை அடிக்கடி முகர்ந்து பார்க்க வேண்டும், முகரும்போது அந்த வாசனையை ஞாபகத்தில் கொண்டுவர வேண்டும், வந்தால் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிராம்பு, எலுமிச்சை என்று ஏதேதோ சொல்லியிருந்தார். நீயோ அமெரிக்க விஸ்கியான பர்பனை முகர்ந்து பழகலாம் என்றாய்.

அதற்கு எதற்குடா பர்பன் என்று நான் கேட்டேன். நீ சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "கிராம்பை மோந்துக்கிட்டு உக்காந்தா பரமேஸ் ஏன்னு கேப்பா. போத்தலோட உக்காந்தா திட்டுவா, கேக்க மாட்டா லா." பொங்கலன்று இளங்கோ கொண்டுவந்த பர்பனைக் குடித்தபோது, சீனி கருகினது மாதிரி ஏதோ ஒன்று தொண்டைக்குள் வந்து போனதாகவும் சொன்னாய். அது வந்ததா, நீயே நினைத்துக்கொண்டதா என்று உனக்கே நிச்சயமில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டாய்.

பரமேஸிடம் சொல்லக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. உனக்கு நாக்கு நீளம் என்பது ஊருக்கே தெரியும். புளி கூடிப்போச்சு, மல்லி கருகிப்போச்சு என்று ஏதாவது குறை சொல்லாமல் நீ கையைக் கழுவியதில்லை. குறை சொல்லிக்கொண்டே மூன்று முறை சோறு வாங்குவாய். அவள் சமைப்பதே நீ சொல்லும் குறைக்காகத்தான். அது நின்றுபோனால் அவள் உடைந்துவிடுவாள் என்று பயந்தாய். சீக்கிரம் மூக்கு வந்துவிடும், வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாய்.

இப்படித்தான் நம் பர்பன் காலம் தொடங்கியது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், உன் வீட்டு கார் போர்ச்சில். வேலை நிமித்தம் அடிக்கடி விமானம் ஏறும் இளங்கோ வரும் வழியில் ஒரு போத்தல் வாங்கி வருவான். நீ காகிதம் சுற்றுவாய், நான் இடம் மாற்றி வைப்பேன், பிறகு நீ எண் போடுவாய். எது எந்தப் போத்தல் என்று மூவருக்கும் தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் ஆரம்பித்தோம். விலை கூடியது உயர்ந்தது என்ற எண்ணம் மூக்குக்குள் புகுந்துவிடக்கூடாது என்பது உன் சட்டம்.

இளங்கோ இணையத்தில் நிறையப் பார்த்துவிட்டு வருவான். பர்பன் என்றால் சோளம்தான் பாதிக்கு மேல் இருக்கவேண்டும், உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாயில் ஊறவேண்டும் என்று பாடம் எடுப்பான். அப்படியென்றால் கரி வாசமாவது வரவேண்டுமே என்று கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு கேட்பாய். வெண்ணிலா, கேரமல் என்று அவன் தொடங்கியதும் கையை நீட்டித் தடுப்பாய். "வெண்ணிலான்னு சொல்லாதடா. என் ஞாபகத்துல அது இல்ல. நம்ம வீட்டுல இருக்கிறதைச் சொல்லு."

அதனால் நாங்கள் உன் ஞாபகத்தில் இருப்பதைத் தேடித்தேடிச் சொன்னோம். பென்சில் சீவிய தூள். கூலா மெலாக்கா வெல்லத்தை உடைத்த கை. பழுத்துத் தோல் கருத்த வாழைப்பழம். முற்றிப்போன அதிரசப் பாகு. பூட்டியே கிடந்த மர அலமாரியைத் திறந்தால் வருவது. தின்னர் வாசம் அடிக்கிறது என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, நீ கடையை விட்டு வந்தாலும் கடை உன்னை விடாது என்று இளங்கோ கேலி செய்தான். நீ கண்ணை மூடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு கிளாஸை முகர்வாய். இல்லை என்று தலையாட்டுவாய். அடுத்த கிளாஸை எடுப்பாய். குடித்தது குறைவு. பேசியதுதான் அதிகம். என் வாழ்க்கையில் வாசனைகளைப் பற்றி அவ்வளவு யோசித்ததில்லை.

சித்திரை கழிந்ததும் நீ தலையாட்டுவது மாறியது. "லேசா வருது" என்றாய். பிறகு "நல்லா இருக்கு" என்றாய். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ஞாயிறு சந்தோஷமாகவே ரயிலேறினோம். மூன்றாவது ஞாயிறு இளங்கோவின் வால்தனம் வேலையைக் காட்டியது. நீ உள்ளே போன சமயம், ஒரு கிளாஸில் ஆறிப்போன தே-ஓவை ஊற்றி வைத்தான். பால் கலக்காத தேநீருக்கும் பர்பனுக்கும் நிறத்தில் வித்தியாசம் கிடையாது. நீ வந்து உட்கார்ந்தாய், எடுத்தாய், ஆழமாக இழுத்து முகர்ந்தாய். "நல்லா இருக்கு. பாகு வாசம்" என்றாய். பிறகு ஒரு வாய் குடித்தாய்.

தொண்டை எரியவில்லை என்றதும் கிளாஸைக் கீழே வைத்தாய். இளங்கோவின் முகம் செத்துப்போயிருந்தது. நீதான் முதலில் சிரித்தாய். எதற்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "நான் தலையாட்டுறப்பல்லாம் உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் தொங்கிப் போவுதுடா. பாக்க முடியல" என்றாய். எனக்கு அப்போது உன்மேல் கோபம்தான் வந்தது. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

கடைசி ஞாயிறு புரட்டாசிக்கு முந்தின நாள். மறுநாளிலிருந்து உன் வீட்டில் கறி, மீன், மது எதுவும் கிடையாது. அந்தக் கடைசி நான்கு போத்தல்கள்தான் இப்போது மேசையில் நிற்பவை. நானும் இளங்கோவும் எது உயர்ந்தது, மூன்றா ஒன்றா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நீ சட்டென்று கையைத் தூக்கினாய், தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் காதுகொடுத்துக் கேட்பவன் போல. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய். பிறகு "வந்துச்சு" என்றாய்.

எது என்று இருவரும் ஒரே குரலில் கேட்டோம். நீ கிளாஸ்களைப் பார்த்தாய், எங்களைப் பார்த்தாய். "சொல்ல மாட்டேன் லா. சொன்னா நம்ப மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குள் போனாய். புலி வருது கதை ஆகிவிட்டதே, இனி எப்படி நம்புவோம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். தீபாவளிக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம். புரட்டாசி முடியவில்லை, நீ வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போவது உன் வழக்கமே இல்லை.

படையலுக்கு முன்னால் நின்று இதையெல்லாம் யோசித்தேன். படைத்தவுடன் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுவோம். இறந்துபோனவர்கள் வந்து சோற்றை எடுப்பதில்லை, வாசனையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். வாசனை மட்டுமே போய்ச்சேரும் இடத்துக்கு நீ மூக்கில்லாமல் போயிருந்தால்? அந்த நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வாக்கை உடைத்தேன். காய்ச்சல், டாக்டர், போத்தல்கள், தே-ஓ என்று எல்லாவற்றையும் பரமேஸிடம் சொன்னேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"தெனமும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னாருண்ணே" என்றாள். "கல்யாணம் ஆனதுலேருந்து சொல்லாதவரு. வெளில வேற எங்கயோ சாப்பிடுறாரு, என் சமையல் வெறுத்துப்போச்சு, அத மறைக்கத்தான் இப்படிச் சொல்றாருன்னு நெனச்சேன். போற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்."

இதை அவள் இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாள். நீ அவளைக் காப்பாற்றுகிறேன் என்று செய்தது இது. உன்னை எதிரில் உட்காரவைத்துத் திட்டவேண்டும் போலிருந்தது. திட்ட ஆளில்லை. இளங்கோ அவளைத் தேற்றுவதற்காக, கடைசியில் வாசனை திரும்பியது, ஏதோ ஒன்று வந்தது என்று நீயே சொன்னாய், எந்தப் போத்தல் என்பதுதான் தெரியவில்லை என்றான்.

பரமேஸ் நிமிர்ந்தாள். "எந்த ஞாயித்துக்கெழம?"

புரட்டாசிக்கு முந்தின நாள் என்றேன். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோலச் சொன்னாள்.

"அன்னிக்கி நான் கருவாடு பொரிச்சேன். மறுநாள் புரட்டாசி, வீட்டுல இருக்கிறத முடிச்சிடலாம்னு. இவரு அடுப்படிக்கு வந்து என் பின்னால நின்னாரு. கருவாடான்னு கேட்டாரு. ஆமான்னேன். போகவே இல்ல. பொரிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னாரு. ராத்திரி சாப்பிடறப்ப, அன்னிக்கி மட்டும், ஒரு பக்கம் கருக்கிட்டேன்னு சொன்னாரு."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

போர்ச்சில் நாம் உட்காரும் மேசைக்கு நேர் பின்னால்தான் அடுப்படி ஜன்னல். அன்று உனக்கு வந்தது ஒன்றாம் போத்தலும் இல்லை, இரண்டாம் போத்தலும் இல்லை, அந்தக் கருவாட்டு வாசனைதான். ஒரு காலம் முழுக்க இளங்கோ ஊர் ஊராகச் சுமந்து வந்ததும், நாங்கள் மூளையைக் கசக்கி வாசனைக்குப் பெயர் வைத்ததும் வீண் என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்கலாம். நாங்கள் ஒன்றும் தொங்கிப்போயிருக்க மாட்டோம்.

வீட்டில் கருவாடு இல்லை. நானும் இளங்கோவும் காரை எடுத்துக்கொண்டு போனோம். தீபாவளிக்கு நம் கடைகள் பாதி சாத்தியிருந்தன. சீனர் மளிகைக் கடையில் பூலாவ் கெத்தாம் தீவிலிருந்து வந்த நல்ல உப்புக் கருவாடு கிடைத்தது. படையலுக்கு என்று சொன்னதும் கடைக்காரர் தடித்த துண்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்தார். பரமேஸ் பொரித்து, ஆட்டுக்கறியைத் தள்ளிவிட்டு இலையின் நடுவில் வைத்தாள். கிளாஸில் எதை ஊற்றட்டும் என்று கேட்டேன். எதையாவது ஊத்துங்கண்ணே, அது துணைக்குத்தானே என்றாள். கைக்கு வந்த போத்தலைக் காகிதத்தோடு சாய்த்து ஊற்றினேன். எண்ணைப் பார்க்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு மூவரும் போர்ச்சில் வந்து நின்றோம். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. எந்த வாசனை வந்தாலும் உனக்குப் புரிகிற மாதிரி அதற்கு ஒரு பெயர் தேடுகிறேன். கடையில் டின்னைத் திறக்கும்போதும், ரயிலில் நனைந்த கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போதும், உனக்குச் சொல்வதாகவே உள்ளே சொல்லிக்கொள்கிறேன். அது விடவில்லை, விடவேண்டும் என்று எனக்கும் இல்லை. அன்றும் அடுப்படி ஜன்னல் வழியாக வாசனை வந்து நாம் உட்கார்ந்த மேசையைத் தொட்டதும், சாத்திய கதவைப் பார்த்து என்னையறியாமல் சத்தமாகவே சொன்னேன்.

"கருவாடுடா. ஒரு பக்கம் கொஞ்சம் கருகியிருக்கு."

"வேணும்னுதாண்ணே கருக்கினேன்" என்றாள் பரமேஸ். "அவரு எதையாவது சொல்லட்டும்."