துணிக்குள் இருந்த கணினிகள்

என் அன்புக்குரியவருக்கு,

மாஸ்கோவுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

பள்ளிக்கு ஐந்து கணினிகள் வந்தபோது ஊரே ஆடு வெட்டி விருந்து வைத்ததே, அன்று போர்த்திய பூவேலைத் துணியைத் தலைமையாசிரியர் எடுக்கவேயில்லை. "புள்ளைங்க கை பட்டா கெட்டுப்போயிரும்" என்பார். இரண்டு வருடமாக நான் அட்டையில் விசைப்பலகை வரைந்துதான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நேற்று நாரின் நகரத்திலிருந்து கல்வித்துறை ஆய்வாளர் வந்தார். துணி விலகியது. ஏழாம் வகுப்பு அய்பெரி தன் பெயரை ஒரே மூச்சில் தட்டினாள். திரையைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"அக்கா, இதுல எழுத்து வருது" என்றாள்.

ஆய்வாளர் சிரித்துவிட்டு விருந்துக்குப் போனார். பெரிய விருந்தாளிக்கு வைக்கும் ஆட்டுத்தலை அவருக்குத்தான். தினமும் கணினியில் பயிற்சி நடப்பதாக எழுதிய தாளைத் தலைமையாசிரியர் என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடு பொண்ணு. இல்லேன்னா மானம் போயிரும்."

"யாரு மானம், ஐயா?" என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"ஆடு மேய்ச்சவன் மகளுக்குப் படிச்ச திமிரு."

"எங்கப்பா மந்தைக் கணக்குல பொய் சொன்னதில்ல."

அந்தத் தாளில் 'கணினியில்' என்பதை அடித்துவிட்டு 'அட்டையில் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வராதே என்றார்.

திங்கட்கிழமை வழக்கம்போல் வகுப்புக்குப் போவேன். இந்தக் குளிர்காலத்தில் என்னை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னும் கோபம் ஆறாமல்,
உங்கள் மனைவி