பின்னறைக்குள் வந்த சிவப்பெறும்பு

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். எங்களைப் பற்றிச் சொல்வதென்றால் அப்பாவும் நானும் எழுகிறோம், சாப்பிடுகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. பெரியப்பாவுக்கு என்னதான் ஆச்சு என்று நீ போனில் திரும்பத் திரும்பக் கேட்டாய், நான் அப்புறம் சொல்றேன் அப்புறம் சொல்றேன் என்றே மழுப்பினேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவர் காது கேட்க அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எறும்பு கடிச்சா ஒரு மனுஷன் சாவானா என்று நீ கேட்டது நியாயம்தான், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குட்டி தூங்கும்போது உட்கார்ந்து நிதானமாகப் படி.

இந்தத் தடவை மழை பேய்த்தனமாகக் கொட்டியது. பின்பக்கத்து வாய்க்கால் நிரம்பி நம் கொல்லை வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் பின்னறைச் சுவரோரம் சல்லடையில் சலித்துக் கொட்டின மாதிரி பொலபொலவென்று ஒரு மண் குவியல். மேலே ஓட்டை ஒன்றும் இல்லை. எலி தோண்டியிருக்கும் என்று நினைத்து, துணி காயப்போடும் மும்முரத்தில் அதன் மேலேயே காலை வைத்துவிட்டேன். உள்ளே சிவப்பெறும்பு, அது ஏறுவதே தெரியவில்லை பாப்பா. கணுக்கால் தாண்டி மேலே ஏறுகிற வரைக்கும் சத்தம் போடாமல் ஏறி, யாரோ உத்தரவு கொடுத்த மாதிரி எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கொட்டியது பார், கொள்ளிக்கட்டையை எடுத்துக் காலில் தேய்த்தது போல இருந்தது. நான் குதித்த குதியைப் பார்த்து அப்பா, என்ன இந்த வயசுல டான்ஸ் கத்துக்கிறியா என்று சிரித்தார், காலைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினார். தண்ணீர் ஊற்றினால் அது விடாது. வாயால் தோலைக் கவ்விக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பின்பக்கத்தால் கொட்டும், கையால் தேய்த்து உதறத்தான் வேண்டும். மறுநாள் கொட்டின இடமெல்லாம் ஜவ்வரிசியை ஒட்டவைத்தது போல வெள்ளைக் கொப்புளங்கள். அப்பா அந்தக் குவியலில் மண்ணெண்ணெய் ஊற்றினார். கொஞ்ச நாளில் அது வெறும் மண்ணாகிவிட்டது. ஒழிஞ்சது சனியன் என்றார். ஒழியவில்லை. பின்னறைக்கு வயர் இழுத்த ஓட்டை வழியாகச் சுவருக்குள் குடி போயிருக்கிறது. எங்களுக்கு அது எப்படித் தெரியும், சொல்.

பக்கவாதம் வந்ததிலிருந்து பெரியப்பா அந்தப் பின்னறையிலேதான் இருந்தார், உனக்குத் தெரியும். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. லாரி ஓட்டின காலத்தில் அவர் தெருமுனையில் பேசினால் நம் சமையலறையில் கேட்கும், ஹாரன் என்றுதானே தெருவே அவரைக் கூப்பிடும். அந்தத் தொண்டையில் கடைசியில் காற்று மட்டும்தான் வந்தது. ஏதாவது வேண்டுமென்றால் இடது கையில் கரண்டியைப் பிடித்துக் கட்டில் கம்பியில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் திருப்பிப் படுக்கவை. விடாமல் தட்டினால் டிவியில் பந்தாட்டம் ஆரம்பித்துவிட்டது, நீ இன்னும் போடவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அப்பாவுக்குக் காலையிலேயே போன் வந்துவிட்டது, ஏதோ ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்டு நடுவில் நின்று ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று ரிப்பேர் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எனக்கு லாண்டரியில் விடுமுறை. பெரியப்பாவுக்கு முகம் துடைத்து, பாலில் ரொட்டி நனைத்துக் கொடுத்து, போர்வை போர்த்திவிட்டு வந்து வாஷிங் மெஷினைப் போட்டேன். அது பிழிகிறபோது வீடே அதிரும், வேறு சத்தம் காதில் விழாது. துணியை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டு பின்னறை வழியாகப் போனேன். போர்வை மெல்ல அசைகிற மாதிரி இருந்தது. அவர்தான் அசைக்கிறார் என்று நினைத்தேன். கரண்டி தரையில் கிடந்தது. குனிந்து அதை எடுத்துக்கொண்டே, என்ன பந்தாட்டமா என்று கேட்டுத் திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு தடித்துப்போய் வாய் மூட முடியாமல் இருந்தது. போர்வையை இழுத்தேன்.

அதை விவரமாக எழுத மாட்டேன். விழாத பக்கம், விழுந்த பக்கம் என்று எறும்புக்கு ஏது வித்தியாசம். உதற உதற என் முழங்கை வரைக்கும் ஏறிக் கொட்டியது, அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. விரிப்போடு சேர்த்து அவரைத் தரையில் இழுத்து முன்னறை வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன், எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியாது. என் சத்தம் கேட்டு எதிர்வீட்டு பெயின்டர் தம்பி பாதி சவரத்தோடு ஓடி வந்து, அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வண்டியில் போட்டது. வழியெல்லாம் அவர் மூச்சு விசில் அடித்தது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான், நான் வெளுத்து மடித்த விரிப்பு மேலேயே படுக்கவைத்தார்கள். தொடையில் ஊசி போட்டதும் மூச்சு கொஞ்சம் சரியானது, பிழைத்துக்கொள்வார் என்றே நினைத்தோம். மறுநாள் சாயந்தரம் இருதயம் நின்றுவிட்டது. எறும்பு விஷத்தை உடம்பு ஏத்துக்கலை, அதனால தொண்டைக்குள்ள வீங்கிடுச்சு, எல்லாருக்கும் இப்படி ஆகிறதில்லை, இத்தனை கொட்டு, இந்த வயசு, படுத்த உடம்பு, தாங்கலை என்று டாக்டர் சொன்னார். அப்பா கையில் கிரீஸ் கூடக் கழுவாமல் வராந்தாவில் நின்றிருந்தார். ரொம்ப வேதனைப்பட்டாரா என்று என்னைக் கேட்டார். உணர்ச்சியே செத்த உடம்பு, அவருக்கு ஒன்றும் தெரிஞ்சிருக்காது என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நானே குளிப்பாட்டுறேன் என்று எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாளே கடப்பாரையை எடுத்துவிட்டார். பின்னறைச் சுவரை இடித்தார். உள்ளே செங்கலுக்கு நடுவில் அரிசி கொட்டின மாதிரி முட்டையும் புழுவுமாக இருந்தது, கொதிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார். அப்புறம் கொல்லை. எங்கே மண் சற்று மேடாக இருந்தாலும் தோண்டுவார், ஊற்றுவார், கொளுத்துவார். வேலைக்குப் போவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் இதோ என்பார், வரமாட்டார். கால் இரண்டிலும் கொட்டு மேல் கொட்டு வாங்கி, சொறிந்து, சீழ் வைத்து, காய்ச்சல் வந்து கிடந்தார். காய்ச்சலோடு எழுந்து போய்த் தோண்டினார். நான் சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன், சுவரோடு பேசின மாதிரிதான். அதுதான் போகட்டும் என்றால் குவியலும் குறையவில்லை. ஒன்று இருந்த இடத்தில் நாலு முளைத்தது, வேலியோரம், வாய்க்கால் ஓரம், வாசலோரம், கடைசியில் எதிர்வீட்டுக் கொய்யா மரத்தடியில்.

பெயின்டர் தம்பியின் சின்ன மகள் அந்த மரத்தடியில் செப்பு வைத்து விளையாடின இடத்தில் அவளை எறும்பு கொட்டிவிட்டது. இரண்டு கால், உள்ளங்கை எல்லாம். குழந்தை துடித்த துடிப்பு தெரு முழுக்கக் கேட்டது. நல்ல வேளை, கொப்புளத்தோடு போயிற்று, மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் அம்மா நம் வாசலில் வந்து நின்று, உங்க அண்ணனை என் புருஷன் தோள்ல தூக்கிட்டு ஓடினாரே, அதுக்கு நீங்க என் பிள்ளைக்குச் செஞ்சது இதுதானா, ராத்திரி பகலா கிளறிக் கிளறி எங்க வீட்டுக்கு அனுப்பினீங்களே என்று அழுதுகொண்டே கேட்டாள். அப்பா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். இவ்வளவு வருஷத்தில் அவர் யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவள் போன பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

அதற்கப்புறம்தான் பூச்சிமருந்து அடிக்கிற கம்பெனியிலிருந்து ஆள் கூப்பிடச் சம்மதித்தார். வந்தது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், கழுத்தில் மாஸ்க்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கொல்லையைப் பார்த்துவிட்டு, யாருங்க இப்படி உழுது வச்சது என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அப்பாவே நான்தான் என்றார். அவள் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இது நெருப்பெறும்பு சார், கிளறினா ராணியைத் தூக்கிக்கிட்டு வேற இடம் போயிடும், ஒரே புத்துல பல ராணி இருந்தா பிரிஞ்சும் போகும், நீங்க அதைத் தொடவே கூடாது என்றாள். எண்ணெயில் ஊறின தீனி மாதிரி ஒரு மருந்து கொடுத்தாள். மண் காய்ந்திருக்கிற நாளில் சாயந்தரமாகப் புற்றைச் சுற்றித் தூவிவிட்டு விலகிவிட வேண்டும், அதுவே தூக்கிக்கொண்டு போய் ராணிக்கு ஊட்டும், ஆனால் உடனே சாகாது, வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாரை டாக்டர்கிட்டக் காட்டுங்க, கால் நல்லா இல்லை என்றாள். காட்டினேன். கடைசியாகக் கொட்டினபோது அவருக்குக் கண் இமையும் வீங்கியிருக்கிறது, அதை என்னிடம் சொல்லவே இல்லை. இனிமேல் கொட்டு வாங்கினால் அவருக்கும் மூச்சு முட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியப்பாவுக்குத் தொடையில் போட்ட அந்த ஊசியை எப்போதும் கையோடு வைத்திருக்கச் சொன்னார், எப்படிக் குத்துவது என்று நான் கற்றுக்கொண்டேன். அது இப்போது என் இடுப்புப் பையிலேயே இருக்கிறது.

மருந்து தூவியாயிற்று. எதிர்வீட்டுக்காரர்களிடம் கேட்டு அவர்கள் கொல்லையிலும் அப்பாவே பூட்ஸ் போட்டுக்கொண்டு தூவினார். பெயின்டர் தம்பி கூடவே நின்றது, குழந்தையின் அம்மா மட்டும் ஜன்னலை விட்டு வரவில்லை. அப்பாவுக்குக் கஷ்டம் அதற்கப்புறம்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமே. பின்வாசல் படியில் நாற்காலி போட்டு அந்தப் புற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னியே என்றார். குளிப்பாட்டும்போது நான் பார்த்தேன், இடது கை நகத்துக்குள்ளெல்லாம் நசுங்கின எறும்பு, உள்ளங்கை முழுக்கக் கொட்டு என்றார். அண்ணன் சும்மா படுத்திருக்கல, ஒத்தைக் கையால அடிச்சுக்கிட்டே இருந்திருக்காரு, யாராவது வர்ற வரைக்கும் அடிச்சிருக்காரு என்று சொல்லித் தன் கையை விரித்து விரித்துக் காட்டினார். நீ பொய் சொன்னதுக்கு எனக்குக் கோபமில்லை, நானும் உன்கிட்ட அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். அப்புறம் அழுதார் பாப்பா. சத்தமாக, வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி அழுதார். சாவு வீட்டில் அழாத மனுஷன். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், வேறு என்ன செய்ய.

புற்றுகளில் மூன்று அடங்கிவிட்டன, குச்சியால் தொட்டால் ஒன்றும் வருவதில்லை. வாய்க்கால் ஓரத்தில் இருப்பது மட்டும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மருந்து கொடுத்த பெண் மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இது முழுசாக ஒழியும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறார், ஆனால் லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால் முகம் வெளுத்துவிடுகிறது. இரவில் படுக்கும் முன் தன் கட்டிலையும் என் கட்டிலையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்கிறார்.

நீ வரட்டுமா என்று கேட்டாய், அப்பா வேண்டாம் என்றார், இருக்கிற லீவை எதுக்கு வீணாக்குறே என்றார். அவர் பேச்சைக் கேட்காதே. பெரியப்பாவுக்காக நீ வர வேண்டியதில்லை, அவருக்கு இனி யாரும் செய்ய ஒன்றுமில்லை. அப்பா உன்னைக் கூப்பிட மாட்டார், நான் கூப்பிடுகிறேன். வா. குட்டியைத் தூக்கிக்கொண்டு வா. கொஞ்ச நாள் அவர் தரையைப் பார்க்காமல் ஒரு குழந்தை முகத்தைப் பார்க்கட்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வந்தாலும் சரி. வரும்போது குட்டிக்குக் கால் முழுக்க மூடின ஷூவும் நீளமான சாக்ஸும் மறக்காமல் எடுத்துவா, இங்கே அவளைத் தரையில் விட முடியாது, மாற்றி மாற்றி இடுப்பில் வைத்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். அங்கேயும் பூங்காவில் புல்லில் உட்காரவைக்கும் முன் கையால் விலக்கிப் பார். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, தலைவலி என்று சொன்னாயே, டாக்டரிடம் கண்ணைக் காட்டு. உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுசும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும். டிக்கெட் போட்டதும் எனக்கு மட்டும் சொல், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் வரவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
அம்மா