கண்ணாடியில் ஒட்டிய ஸ்பானிஷ் சொற்கள்

அன்புள்ள கணவர் அவர்களுக்கு,

நான் தையற்கூடத்திற்குச் செல்கிறேன். குழம்பு அடுப்பின் மேல் மூடி வைக்கப்பட்டுள்ளது.

நிற்க. குளியலறைக் கண்ணாடியில் நீங்கள் ஒட்டியுள்ள தாளை இன்று காலை முழுமையாக வாசித்தேன். ஃபியெஸ்தா என்றால் பண்டிகை. கும்ப்லேயான்யோஸ் என்றால் பிறந்தநாள். போதா என்றால் திருமணம். அதன் கீழ் மட்டும் இரண்டு கோடுகள் உள்ளன. இந்த வயதில் ஸ்பானிஷ் எதற்கு என்று கேட்டபோது, "சும்மாதான்டி, மூளைக்கு நல்லதாம்" என்றீர்கள். ஆனால் ஸ்பானிஷ் பேசும் ஊரில் வேலை செய்யும் நம் மகன் அழைத்தால் மட்டும், "இங்க சிக்னல் இல்லடி" என்று மொட்டைமாடிக்கு ஓடுகிறீர்கள்.

முப்பது ஆண்டுகளாக, என்னிடம் மறைக்க வேண்டியதை எழுதி வைப்பதே உங்கள் வழக்கம். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. முதியோர் வகுப்பில் நான் இரண்டாம் புத்தகத்தை முடித்துவிட்டதை நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

மாலை ஆறு மணிக்கு வருவேன். உண்மையைத் தயாராக வைத்திருக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

பின்குறிப்பு: குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடவும். என் கோபம் உங்கள் மீதுதான், உங்கள் வயிற்றின் மீது அல்ல.

இன்னொன்று: உங்கள் பட்டியலில் மணமகனின் தாய்க்குச் சொல் இல்லை. அவனிடம் கேட்டு எழுதி ஒட்டவும். நான் படித்துக்கொள்கிறேன்.