மழைக்கு முந்தைய வானத்தின் நிறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நான் நலம், அம்மா முக்கால் நலம். அந்தக் கால் பங்கைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நடுவில் பதறிப்போய் ஃபோனை எடுக்காமல் கடைசிவரை படி. நாலு மாதமாக அம்மா உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீ வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் அவளுக்கு உடனே குளிக்கப் போகவேண்டி வந்துவிடுகிறது, "நான் இவ்வளவு தூரம் வந்ததில் அம்மாவுக்கு இன்னும் கோபமாப்பா" என்று போன மாதம் கேட்டாயே, எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அது கோபம் இல்லை.

நீ விட்டுப்போன பழைய கணினி நினைவிருக்கும். பொத்தானை அழுத்திவிட்டு நான் முகம் மழித்து முடித்து வந்தாலும் அது விழித்திருக்காது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தபோதுதான் மாடி வீட்டு பஸ் டிரைவர் வந்து பார்த்தார். வேலை இல்லாத நாட்களில் பழைய கணினிகளைப் பிரித்து மேய்வதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. "வண்டி நல்ல வண்டிதான் சார், ஏத்தின லோடுதான் தாங்கல, இறக்கிட்டு லேசா ஒண்ணு ஏத்துவோம்" என்றார். கணினியை ஓட்டும் மென்பொருளில் லினக்ஸ் என்று ஒரு குடும்பமாம், யாரையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம். மூன்று விதமாக மூன்று பென்டிரைவில் கொடுத்தார், உள்ளே நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்று. முதலாவதில் ஜன்னல்கள் திரைச்சீலை மாதிரி மிதந்து வந்தன, அழகுதான், ஆனால் கணினிக்குள் இருக்கும் விசிறி மூச்சு வாங்கியது. இரண்டாவது கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது, ஆனால் வெறும் சாம்பல் திரை, எங்கே அழுத்துவது என்றே தெரியவில்லை. மூன்றாவது சாதுவாக இருந்தது, பட்டை, பொத்தான், எழுத்து, நிறம் எதையும் நம் இஷ்டத்துக்கு நகர்த்தலாம். இது போதும் என்றேன். "ஏத்தினா பழசெல்லாம் அழிஞ்சிடும், வேணுங்கறத முதல்ல நகல் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் பணிக்குப் போய்விட்டார்.

அன்று பிற்பகல் உட்கார்ந்து நகல் எடுத்தேன். உன் கல்லூரிப் படங்களுக்குப் பக்கத்தில் அம்மாவின் கடிதங்கள் இருந்தன பாப்பா, எல்லாம் உனக்கு எழுதியவை, ஒன்றும் அனுப்பாதவை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு, படிக்கத்தான் செய்தேன். முதல் கடிதம் சாதாரண எழுத்தில் இருந்தது. அடுத்ததில் எழுத்து கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது கட்டைவிரல் அளவு. பிறகு வரிக்கு ஒரு சொல். கடைசிக் கடிதத்தில் திரை முழுக்க ஒரே சொல்தான், "கண்ணு" என்று. அவள் உன்னைக் கூப்பிடும் சொல்தானே அது. உன்னைக் கூப்பிட்டாளா, தன் கண்ணைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாளா என்று தெரியவில்லை. முப்பது வருடம் மருந்துக்கடையில் ஊரார் சீட்டையெல்லாம் படித்தவன், வீட்டில் இருப்பவளைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

அம்மா ஜன்னலோரம் மேகம் பார்த்துக்கொண்டிருந்தாள். வானிலை அலுவலகத்தில் இத்தனை காலம் மேகக் கணக்கு எழுதிய பழக்கம் போகுமா. "உனக்குக் கண் எப்படி இருக்கிறது" என்று மட்டும் கேட்டேன். முகத்தைத் திருப்பாமலே, "நடுவுல ஒரு மேகம் வந்து நின்னுடுச்சுங்க, நகர மாட்டேங்குது" என்றாள். உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயமாம். மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். பார்வையின் நடுப்பகுதி போனது போனதுதான், ஓரப் பார்வை நிற்கும், முழு இருட்டு ஆகாது என்றார் அந்த டாக்டரம்மா. நான்தான் அழுதேன், உன் அம்மா எனக்குத் தண்ணீர் வாங்கிக்கொடுத்தாள்.

அப்புறம் நடந்ததைக் கேள். ஐந்து நாள் பிற்பகல்களில் நானும் அவளும், டிரைவர் ஏற்றித் தந்த அந்த மூன்றாவதைப் பிரித்து அவளுக்கென்று தைத்தோம். கீழே இருந்த பட்டையை இடப்பக்க ஓரத்துக்குக் கொண்டுபோனேன், அங்கேதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. வேண்டாத பொத்தான்களை எல்லாம் எடுத்துவிட்டு மூன்றை மட்டும் விட்டேன், எழுத, படம் பார்க்க, உன்னைக் கூப்பிட. அம்புக்குறி இப்போது கரண்டி அளவு. எழுத்துகளை வெளிர் மஞ்சள் ஆக்கினோம். பின்னணிக்குத்தான் பாடு. மழைக்கு முந்தின வானம் மாதிரி வேணும் என்றாள். எனக்கு மாத்திரையின் நிறங்கள்தான் தெரியும், அவள் கண்ணை மூடிக்கொண்டு எந்த வருடத்து மழை, எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே போக, நான் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கினேன். "இன்னும்... இன்னும்... போதும், இப்ப காத்து அடிக்கும் பாருங்க" என்றாள். வெளியே நல்ல வெயில், ஆனால் எனக்கு நிஜமாகவே குளிர்ந்தது போல இருந்தது பாப்பா. அறையே எங்கேயோ மிதந்து போனது. டிரைவர் வந்து பார்த்துவிட்டு, "சார், நான் வண்டி கொடுத்தேன், நீங்க வானத்துல ஓட்றீங்க" என்று சிரித்தார்.

தட்டச்சு அவள் விரலிலேயே இருக்கிறது, பார்க்கத் தேவையில்லை. இத்துடன் அவள் தட்டிய ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், பிழை இருந்தால் திருத்தி அனுப்பி வாங்கிக் கட்டிக்கொள்ளாதே. உடனே டிக்கெட் போடாதே, லீவு கிடைக்கும்போது நிதானமாக வா. நீயும் ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க எங்கள் ஆசிகள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீடியோவில் கூப்பிடு, இந்த முறை அம்மா குளிக்கப் போகமாட்டாள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பேசும்போது அவள் முகம் திரும்பியிருக்கும், உன்னை விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பது போல இருக்கும். அப்போது என்னம்மா எங்கே பார்க்கிறாய் என்று கேட்டுவிடாதே. உன்னைத்தான் பார்க்கிறாள்.

அன்புடன்,
அப்பா