நின்று கீறியவருக்கு என் கடையில் கதிரை இல்லை

என் சண்டைக்காரி சுகிக்கு,

நீ படமாகக் கீறிய ஏழு அறைகளும் இப்போது ஒரு விளையாட்டாக ஊரார் கைபேசிகளில் இருக்கின்றன. என் கடைக்குச் சீமெந்து ஏற்ற வருகிற லொறிக்காரர்கூட விளையாடுகிறார். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் ஒருவன் அறை அறையாகப் போய்த் திறப்புத் தேடுகிறான். அவன் நடக்கிற ஒவ்வொரு அறையும் உன்னுடையது.

வெளிவந்த அன்றே கடைசிவரை ஓடவிட்டு, படம் கீறியவர் பெயரைத் தேடினேன். அந்த இடத்தில் விளையாட்டைச் செய்வித்த கொம்பனிக்காரரின் பெயர் இருந்தது. நீ கண்ணை மூடி நாலு மாதம்கூட ஆகவில்லை.

அவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "அக்கா, அவ கோடுதான் இழுத்தவ. அதை அறையாக்கினது நான்" என்றார்.

கோடாம். அந்தக் கோட்டுக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? முதல் அறையைக் காட்டியபோது, "உந்த மேசையிலை தேத்தண்ணி வைச்சா வழுக்கி விழும்" என்றேன். இரண்டு நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "கடையிலையிருந்து மேசன்மாற்றை நூலும் ஒரு ஆணியும் கொண்டு வா" என்றாய். படம் கீறுகிற பலகையில் ஆணியை அடித்து நூலைக் கட்டினாய். சுவரின் ஓரம், மேசை விளிம்பு, சீலிங் எல்லாம் அந்த ஆணியை நோக்கி ஓடின. உள்ளே போகிற கோடெல்லாம் பார்க்கிறவரின் கண் உயரத்தில்தான் போய்ச் சேரும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். அன்றுதான் உன் மேசை நிலத்தில் நின்றது.

பிறகும் சண்டைதான். ஆணி மிகவும் பதிவாக, கீழே இருந்தது.

"விளையாடுறவன் நிண்டு நடக்கிறான். நீ உன்ரை சில்லுக்கதிரை உயரத்திலை அடிச்சு வைச்சிருக்கிறாய். நிண்டு பார்த்தா குசினி அரைச்சுவருக்கு மேலாலை கிணறு தெரிய வேணுமெல்லே?"

"இதிலை இருந்து பார்த்தா எனக்குக் கிணறு தெரியாதே அக்கா. ஒருக்கா அவையளும் என்ரை கண்ணாலை பார்க்கட்டும்."

பிழை என்று நான் சொன்ன அந்தப் பதிந்த ஆணிதான் கடைசியில் கைகொடுத்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில், அறை கீறுவது எப்படி என்று அந்தக் கொம்பனிக்காரர் மாணவர்களுக்கு விளக்கப் போவதாக அறிந்தேன். கைப்பையில் ஒரு நூல்பந்தோடு போய் முன்வரிசையில் இருந்தேன். உன் குசினியைப் பெரிய திரையில் காட்டினார். நான் எழும்பினேன்.

"தம்பி, உதை இருந்து பார்க்கிற மாதிரிக் கீறினனீரோ, நிண்டு பார்க்கிற மாதிரியோ?"

"நிண்டு பார்க்கிற மாதிரித்தான் அக்கா. நானே வாசலிலை நிண்டு பார்த்துத்தான் கீறினனான்."

இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டுத் திரையில் நூலைப் பிடிக்கச் சொன்னேன். மேசை விளிம்போடு ஒரு நூல், சீலிங் ஓரத்தோடு ஒரு நூல். இரண்டும் அரைச்சுவரின் மேல் விளிம்புக்கும் கீழே போய்ச் சந்தித்தன.

"உம்மடை உயரத்துக்கு நிண்டு பார்த்தா அங்காலை கிணறு தெரியும். எங்கை கிணறு? மண்ணாலை தூத்துப் போட்டீரோ?"

மண்டபம் சிரித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூல் பிடித்த ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "இது ஆரோ இருந்து பார்த்தது."

"ஓம் பிள்ளை. இருந்தவள் என்ரை தங்கச்சி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? அவருடைய முகத்தை நினைத்து நினைத்து வந்தேன்.

அடுத்த கிழமை விளையாட்டின் கடைசியில் உன் பெயர் வந்தது. 'நன்றி' என்று போட்டு, மண்டபம் கொடுத்தவருக்கும் சாப்பாடு கொடுத்தவருக்கும் நடுவில். படம் கீறியவர் இன்னும் அவர்தான்.

போன செவ்வாய்க்கிழமை கடைக்கே வந்துவிட்டார். இரண்டாம் பாகத்துக்கு இன்னொரு அறை வேண்டுமாம். அவர் ஆட்கள் கீறுகிற ஒன்றும் உன் அறைகளோடு ஒட்டுதில்லையாம். நீ பாதியில் விட்ட எட்டாவது அறை ஆணியோடு என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும். இருக்க இடம் தேடினார். பக்கத்தில் கிடந்த கதிரையை நான் உள்ளே இழுத்து வைத்தேன்.

"நீர் நிண்டு பார்க்கிற ஆளெல்லே. நில்லும்."

வந்த சனத்துக்கெல்லாம் ஆணியும் கம்பியும் நிறுத்துக் கொடுத்து முடியும்வரை நின்றார். பிறகு, "என்ரை பேருக்குப் பக்கத்திலை அவவின்ரை பேரையும் போடுறன் அக்கா" என்றார்.

"பக்கத்திலை வேண்டாம். உம்மடை பேரை எடுத்துப்போட்டு வாரும்."

போய்விட்டார். நீ இருந்திருந்தால், "விடு அக்கா" என்று சொல்லியிருப்பாயா? சொன்னாலும் நான் கேட்டிருப்பேனா?

நேற்று உன் சில்லுக்கதிரையில் இருந்து முற்றத்தைப் பார்த்தேன். நம் வீட்டு அரைச்சுவருக்கு அங்கால் கிணறு தெரியவில்லை சுகி. இத்தனை வருடமும் நான் அந்தக் கதிரையைத் தள்ளித்தான் இருக்கிறேன். ஒரு நாளும் இருந்து பார்த்ததில்லை.

அவர் திரும்பி வருவார், அறை அவருக்குத் தேவை. படம் கீறியவர் என்ற இடத்தில் உன் பெயர் தனியே நிற்கும்வரை பலகை இந்த வீட்டை விட்டுப் போகாது, ஆணியை ஒருவரும் பிடுங்கமாட்டார்கள். அதுவரை எத்தனை தரம் வந்தாலும் அவர் நின்றுகொண்டுதான் கேட்பார்.

உன்னைத் தள்ளித் திரிந்த
அக்கா