அழியாத மை

மார்ச் 4, செவ்வாய்

தெருச் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார். தையல்காரர். யாரோடு பேசினாலும் கண்ணாலேயே தோள் அளவு எடுத்துவிடுவார். வாய்க்கால் குப்பையை எல்லாம் அள்ளி, அதை வைத்துப் பாலத்து முனையில் பெரிய மீன் ஒன்று செய்யப் போகிறார்களாம். பார்க்கிறவர்களுக்குப் புத்தி வருமாம். இதற்கு மூலகாரணம் என் வீட்டிலேயே இருக்கிறது – என் மகள்.

மீனுக்கு எலும்புக்கூடு கட்டக் கம்பி நான் தருகிறேன் என்றேன். ஒரே நிபந்தனை: ரோட்டில் போகிறவர்களுக்கு என் கடைப் பெயர் தெரிய வேண்டும். உடனே தலையாட்டினார். இத்தனை மலிவாக யாருக்கு விளம்பரம் கிடைக்கும்?

கடைப் பெயர் 'வாயாடி ஸ்டோர்ஸ்'. மகள் சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசியதால் வீட்டில் வைத்த பெயர். துடைப்பம், வாளி, கயிறு, பெயின்ட் விற்கிற கடைக்கு இப்படியும் ஒரு பெயரா என்று சிரித்தவர்கள் யாரும் இதுவரை அதை மறக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வாய்க்கால் சுத்தம். நானும் போய் நின்றேன், கை நனையாத தூரத்தில். அள்ளிப் போட்டதில் பாதி கேரி பேக். எல்லாம் வெளுத்துப்போய் எந்தக் கடைப் பை என்றே தெரியவில்லை. என்னுடையது மட்டும் நேற்று அடித்த மாதிரி – வாயாடி, வாயாடி, வாயாடி.

ஊரெல்லாம் சாதா மையில் அடித்தபோது, தண்ணீரில் கிடந்தாலும் அழியாத மைதான் வேண்டும் என்று அச்சகத்தில் ஒற்றைக்காலில் நின்றவன் நான்.

மீனுக்குக் கம்பி கட்ட வந்திருந்த வெல்டர் ஒரு பையை உதறி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "சரக்குன்னா இதுதான் முதலாளி." பாராட்டா, குத்தலா? இரண்டும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மீன் வளர்கிறது. வயிற்றில் பாட்டிலும் வெளுத்த பைகளும். செதிலுக்கு மூடிகள். வாயை 'ஆ'வென்று பிளந்து நிற்கிறது. அந்த வாய்க்குள் வைத்திருப்பது அத்தனையும் என் பைகள்!

தையல்காரரிடம் ஓடினேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "ரோட்டுல போறவங்களுக்குத் தெரியணும்னீங்க. வாய்தான் சார் ரோட்டைப் பாத்து இருக்கு."

என் நிபந்தனையை எனக்கே அளவெடுத்துத் தைத்து மாட்டிவிட்டார்.

மார்ச் 12, புதன்

மகளிடம் பேசினேன். பேசினேன் என்ன, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"என்னை வாயாடின்னு கூப்பிட்டீங்க, சரி. ஊருக்கே அச்சடிச்சுக் குடுத்தீங்க, அதுவும் சரி. சாக்கடையில ஏம்ப்பா போட்டீங்க?"

"நானா போட்டேன்? வாங்கிட்டுப் போனவன் போட்டான்."

"பேரு யாரோடதுப்பா?"



மார்ச் 14, வெள்ளி

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, நானும் மச்சினனும் நீலப் பெயின்ட் டப்பாவோடு போனோம். அவன் மீன் வாய்க்குள் தலையை விட்டு, கண்ணில் பட்ட வாயாடியை எல்லாம் பூசி மறைத்தான். காரியம் கச்சிதம். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

காற்றடித்தது. பெயின்ட் முழுவதும் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து விழுந்துவிட்டது. அந்த வழவழப்பில் பெயின்ட் நிற்காது என்று, பெயின்ட் விற்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் மூளை வேலை செய்யவில்லை. மை மட்டும் அப்படியே நிற்கிறது.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. மாமன் காதோரம் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குளியலறை வாசலில் பெயின்ட் கரைக்கிற தின்னர் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 17, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 19, புதன்

மகள் இன்னும் பேசவில்லை. கூடத்து ஃபேன் கடகடக்கிறது. இத்தனை வருடமாக அது கடகடப்பதே எனக்குத் தெரியாது.

"வாயாடியையே வாயடைக்க வச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்கிறாள் மனைவி.

மக என்னை என்னதான் செய்யச் சொல்றா? பை குடுக்கலேன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க. அந்தாள் பையும் அதே வாய்க்கால்லதானே கெடந்துச்சு? பேரு தெரியல, அவ்வளவுதானே. நல்ல மை போட்டது ஒரு குத்தமா?

மார்ச் 23, ஞாயிறு

மீன் திறப்பு. நல்ல கூட்டம். குழந்தைகள் வாய்க்குள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினார்கள்: வா–யா–டி. மீனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. எதிர்க்கடைக்காரர் என் தோளைத் தட்டி, பேர் இப்படி நாறிவிட்டதே என்று அனுதாபப்பட்டார். அவர் பைகள் மீனின் வயிற்றில் வெள்ளை வெளேரென்று, ஊர் பேர் தெரியாமல், நிம்மதியாக இருக்கின்றன.

மகள் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். இது எந்தக் கடைப் பை என்று ஒருவர் கேட்டார். நான் மெல்ல எதிர்க்கடைக்காரர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க கடை."

அப்பா கடை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

அச்சகத்துக்காரர் போன் செய்தார். வழக்கம்போல் பை அடிக்கலாமா? வேண்டாம் என்றேன்.

"அப்ப கடைப் பேரு, முதலாளி?"

"பேரை மீன் பாத்துக்கும்."

மார்ச் 29, சனி

பை இல்லை என்றதும் பல முகங்கள் சுருங்கின. இரண்டு பேர் எதிர்க்கடைக்கே நடந்தார்கள். போகட்டும். நான் சைக்கிளில் துடைப்பம் விற்றவன். சாமானைக் கட்டிய கட்டின் மேலேயே கைப்பிடிக்கு ஒரு கயிற்று வளையம் விடத் தெரியும். விரல் இன்னும் மறக்கவில்லை. ஒரு அம்மாள் வம்புக்கென்றே ஒற்றைச் சோப்புக் கட்டியை நீட்டி, இதற்கும் வளையம் உண்டா என்றார். கட்டிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே ஆட்டிக்கொண்டு போனார்.

மகள் கடை வாசலில் நின்று பார்த்தாள். பேசவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாய்க்காலில் மறுபடி பைகள் மிதக்கின்றன என்று மச்சினன் வந்து சொன்னான். நம்முடையது ஒன்றும் இல்லையாம். எல்லாம் வெளுத்தது, பெயர் தெரியாதது.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னேன்: "எதிர்க்கடைக்காரருக்கு நல்ல மை கிடைக்கல போல, பாவம். நம்ம அச்சகத்து நம்பரைக் குடுத்து உதவலாமா?"

மகளுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்தாள். "அப்பா, நீங்க இருக்கீங்களே..." என்று ஆரம்பித்தவள்தான். எதிர்க்கடை, அடுத்த மீன், அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அதற்குக் கம்பி யார் தலையில் கட்டுவது... கேட்டுக்கொண்டிருந்ததில் எல்லாருக்கும் சாப்பிட்ட கை காய்ந்துவிட்டது.

ஃபேன் ஓடுகிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.